படம் சொதப்பியது எங்கே? அறிகுறியைப் பார்த்து கம்போசிஷனைச் சரிசெய்யும் வழி

கம்போசிஷன், அதாவது படத்தில் எதை எங்கே வைப்பது என்பதைக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதலில் விதிகளைத்தான் நீட்டுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு, இழுத்துச் செல்லும் கோடுகள், சட்டத்துக்குள் சட்டம் (ஃபிரேமுக்குள் ஃபிரேம்), வெற்றிடம் என்று பட்டியல் நீள்கிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே போனால் எதை எங்கே போடுவது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்கத்தான் தோன்றும். தலைகீழாகப் போவது சுலபம். ஏற்கெனவே எடுத்த படத்தைத் திறங்கள். அதில் உறுத்துவது எது என்று பாருங்கள். அப்புறம் அந்த உறுத்தலுக்குக் காரணம் தேடுங்கள். அப்படித் தேடினால் பெரும்பாலான கோளாறுகள் ஒரே இடத்தில் போய் முடியும்: நீங்கள் நின்ற இடம். லென்ஸோ, எடிட்டிங் ஆப்போ, கேமராவின் விலையோ அதற்கு அடுத்துதான்.

தொடங்கும் முன் ஒரு வடிகட்டல். படம் ஆடிப்போயிருக்கிறதா, ஃபோகஸ் தப்பியிருக்கிறதா, வெளிச்சம் அதிகமாகி வானம் வெளுத்துவிட்டதா? இவை கம்போசிஷன் கோளாறுகள் அல்ல. தனியாகச் சரிசெய்ய வேண்டியவை. இவை எதுவும் இல்லாமலே படம் பிடிக்கவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

சோதனை எளிது. படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கேலரியில் படங்கள் வரிசையாகத் தெரியுமே, அந்த அளவு. கண் முதலில் எங்கே போகிறது? நீங்கள் காட்ட நினைத்த இடத்துக்கா, வேறு எங்கோவா? இந்தப் பதிலோடு கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை

தொடக்கக்காரர்களின் படங்களில் அதிகம் தென்படும் கோளாறு இதுதான். காரணம் நம் கண். விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதி ஏறக்குறைய 2 பாகை அளவுக்குத்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் மங்கல். மூளை தனக்குப் பிடித்த இடத்துக்குக் கண்ணைத் திருப்பித் திருப்பி, பிடிக்காததைக் கழித்துவிட்டு ஒரு காட்சியைக் கட்டிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. போனின் பிரதான கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமானது. அது அகலவாக்கில் ஏறக்குறைய 70 பாகையை அள்ளிக்கொண்டு வருகிறது. நீங்கள் ஒரு குழந்தையின் சிரிப்பைப் பார்த்தீர்கள். கேமராவோ குழந்தையையும், பக்கத்திலிருந்த நாற்காலியையும், பின்னால் தொங்கிய துண்டையும், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் பையையும் ஒரே மரியாதையோடு பதிவு செய்தது.

மருந்து, கழிப்பது. படத்தை எடுக்கும் முன் 'இது எதைப் பற்றிய படம்' என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தில் 'அப்புறம்', 'கூடவே', 'பின்னால் அந்த' என்றெல்லாம் சேர்ந்துகொண்டே போனால், அங்கே இரண்டு மூன்று படங்கள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எடுங்கள்.

அடுத்து இரண்டடி முன்னே போங்கள். இன்னும் இரண்டடி. போன் என்றால் 2 மடங்கு ஜூமுக்கு மாற்றிப் பாருங்கள். பார்வைக் கோணம் பாதிக்குப் பக்கமாகக் குறையும், தேவையற்றதில் பெரும்பகுதி தானாகவே வெளியேறும். கழிக்க முடியாத பொருள் ஏதாவது மிஞ்சினால், எது கண்ணை அதிகம் இழுக்கும் என்று தெரிந்திருப்பது உதவும். மனித முகம் முதலில் இழுக்கும். எழுத்து இழுக்கும், பின்னணியில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் பார்ப்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் சப்ஜெக்டுக்கு (நீங்கள் காட்ட நினைத்த ஆளுக்கோ பொருளுக்கோ) வருவார். இருட்டுக்கு நடுவே வெளிச்சப் புள்ளி, மங்கலுக்கு நடுவே கூர்மையான இடம், வெளிறிய நிறங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வாளி எல்லாம் அப்படித்தான். மூலையில் கிடக்கும் சிவப்பு வாளியை எழுந்து போய் நகர்த்திவைப்பது ஏமாற்று வேலை அல்ல. செய்திப் படம் எடுப்பவர்கள் மட்டும் அதைத் தொடக்கூடாது; மற்றவர்கள் தாராளமாக நகர்த்தலாம்.

அறிகுறி: தலையில் கம்பம் முளைத்திருக்கிறது

கம்பம், மரக்கிளை, ஜன்னல் சட்டம், பின்னால் நிற்பவரின் கை என்று எதுவானாலும் சப்ஜெக்டோடு ஒட்டிக்கொண்டு அதன் உறுப்பு மாதிரித் தெரிகிறது. நேரில் பார்க்கும்போது இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தைக் காட்டுவதால் கம்பம் தூரத்தில் இருப்பது புரிகிறது. படத்தில் ஆழம் கிடையாது; எல்லாம் ஒரே தளத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒருவர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். உங்களிடமிருந்து அவர் 2 மீட்டர் தொலைவில். அவர் தலைக்கு நேர் பின்னால், உங்களிடமிருந்து 10 மீட்டரில் ஒரு விளக்குக் கம்பம். நீங்கள் இடது பக்கம் 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி தூரம் நகர்கிறீர்கள். அவ்வளவுதான். படத்தில் கம்பம் அவருடைய தலையிலிருந்து ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் விலகிவிடும். மனிதத் தலையின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர்தான் என்பதால், கம்பம் தலையை விட்டு முழுமையாக வெளியே வந்து, தோளுக்கு மேல் தனியாக நிற்கும்.

எந்தப் பக்கம் நகர்வது என்பதில் பலர் குழம்புவார்கள். தூரத்துப் பொருள் உங்களோடு கூடவே வரும். நடக்கும்போது நிலா கூடவே வருவது இதே காரணத்தால்தான். நீங்கள் இடது பக்கம் போனால் கம்பமும் அவருக்கு இடது பக்கம் போகும். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறதென்றால் வலது பக்கம் நகருங்கள்.

படுக்கைவாட்டுக் கோடுகளில் சங்கதி வேறு. கடற்கரையிலோ சமவெளியிலோ நிற்பவரின் கழுத்தைத் தொடுவானம் அறுத்துக்கொண்டு போகிறது. உடனே கேமராவை மேலும் கீழும் சாய்த்துப் பார்ப்போம். தொடுவானம் சட்டத்துக்குள் ஏறும், இறங்கும். ஆனால் அவர் கழுத்தை விட்டு நகராது. ஏனென்றால் சமதளத்தில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் ஆளை வெட்டும். கேமரா அவர் கழுத்து உயரத்தில் இருந்தால் கழுத்தில், இடுப்பு உயரத்தில் இருந்தால் இடுப்பில். ஆகவே முழங்காலிட்டு உட்கார்ந்தால் தலையும் தோளும் வானத்துக்கு நேராக வந்துவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கேமராவைப் பிடிக்கும் உயரத்தைப் பற்றி யோசிக்காமல் படம் எடுக்கவே மனம் வராது.

போர்ட்ரெய்ட் மோட் போட்டுப் பின்னணியை மங்கலாக்கினால் தீராதா என்றால், பாதிதான் தீரும். மங்கலான கம்பமும் கம்பம்தான். அதுவும் இருட்டுப் பின்னணியில் வெளுப்பான கம்பமாக இருந்தால் மங்கலாகித் தடித்து இன்னும் உறுத்தும். லென்ஸிலேயே மங்கல் வேண்டுமென்றால் சப்ஜெக்டுக்கு அருகே போங்கள், பின்னணியைச் சப்ஜெக்டிலிருந்து தள்ளிவையுங்கள், ஜூமைக் கூட்டுங்கள், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, அகலத் திறந்து எஃப் 1.8, எஃப் 2.8 போன்ற சிறிய எண்ணுக்கு வாருங்கள். இவற்றில் காசு செலவில்லாதவை முதல் இரண்டும்தான். அவையே பெரும்பாலும் போதும்.

அறிகுறி: படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது

இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளையும், இருந்தால் மட்டம் காட்டும் லெவலையும் இயக்கிவிடுங்கள். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் வெறும் 1 பாகை சாய்ந்தாலே தொடுவானத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 105 பிக்சல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். கடல் ஒரு பக்கமாக வழிந்து ஓடுவதுபோல் தெரிய அதுவே போதும். எடிட்டிங்கில் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் நான்கு மூலைகளும் கொஞ்சம் வெட்டுப்படும். அங்கே முக்கியமானது எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏரிக்கரையும் மலைச்சரிவும் தொடுவானம் அல்ல. உங்களைப் பார்த்து வளைந்து வரும் கரை படத்தில் இயல்பாகவே சாய்வாகத்தான் தெரியும். அதை மட்டமாக்கப் போனால் மரங்களெல்லாம் சாய்ந்துவிடும். சந்தேகம் வந்தால் படத்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஏதாவது ஒரு செங்குத்துக் கோட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துச் செங்குத்துக் கோடுகளை நம்ப முடியாது. ஏன் என்பதற்கு அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: கட்டடம் பின்னால் விழுகிறது

உயரமான கட்டடத்தின் அடியில் நின்று கேமராவை மேலே சாய்த்தீர்கள். கேமராவுக்குள் படம் விழும் தகடான சென்சார் கட்டடத்துக்கு இணையாக இல்லாததால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கிவிட்டன. கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் கோடுகள் நேராக நிற்கும். ஆனால் கட்டடத்தின் தலை வெட்டுப்படும், கீழே பாதிப் படம் தரையாகிவிடும். அதற்கு, முடிந்தவரை பின்னால் போய், கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து எடுத்துவிட்டுக் கீழ்ப்பகுதியை வெட்டிவிடலாம். எதிரே இருக்கும் கட்டடத்தின் மாடியில் ஏற முடிந்தால் இன்னும் நல்லது. கட்டடக்கலைப் படங்கள் எடுப்பவர்கள் இதற்கென்றே டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருக்கிறார்கள்; மற்றவர்களுக்கு எடிட்டிங் ஆப்பில் பெர்ஸ்பெக்டிவ் திருத்தம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் கட்டடத்தின் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள், திருத்தும்போது ஓரங்கள் போகும். முழுக்க நேராக்காமல் துளி சாய்வு விட்டுவைப்பது என் வழக்கம். அண்ணாந்து பார்த்த கட்டடம் துல்லியமாகச் செங்குத்தாக நின்றால் மேல்பக்கம் பெருத்துவிட்டது போன்ற ஒரு பிரமை வருகிறது.

அறிகுறி: மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் வருகிறது

பழி லென்ஸ் மேல் போகிறது. உண்மையான குற்றவாளி தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் கேமரா இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும். அதே ஆளை ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் 150க்கு 162. வித்தியாசம் 8 சதவீதம்தான். முகம் அடையாளம் தெரிகிற மாதிரி வரும்.

வைட் லென்ஸில், அதாவது அகலமான காட்சியை அள்ளும் லென்ஸில், முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் பக்கத்தில் போயே ஆகவேண்டும். அதனால்தான் வைட் லென்ஸுக்குக் கெட்ட பெயர். சரிசெய்ய ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், பிறகு 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் செய்யுங்கள். ஜூம் வசதி இல்லையா? அதே தூரத்தில் நின்று எடுத்துவிட்டு கிராப் செய்யுங்கள், அதாவது ஓரங்களை வெட்டிவிடுங்கள். தரம் கொஞ்சம் குறையும். முகத்தின் விகிதம் மட்டும் மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானித்தது தூரம்.

குழுப் படங்களில் வேறொரு சிக்கல். வைட் லென்ஸின் ஓரங்களில் நிற்பவர்கள் வெளிப்பக்கமாக இழுபட்டு அகன்றுபோவார்கள். சில போன்கள் இதைத் தாங்களே ஓரளவு திருத்துகின்றன. நம்பாமல் பின்னே போய், ஓரத்தில் இருப்பவருக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் நடுவே இடம் விட்டு எடுப்பதே மேல். ஓரத்தில் நின்றவர் அந்தப் படத்தை உங்களுக்காகச் சும்மா விட்டுவிட மாட்டார்.

அறிகுறி: நேரில் பிரம்மாண்டம், படத்தில் ஒன்றுமே இல்லை

மலை முன்னால் நின்று மூச்சடைத்துப் போனீர்கள். படத்தில் அது சுண்டுவிரல் உயரம். முன்னால் ஒரு வெறும் மைதானம், மேலே வெறும் வானம், நடுவே ஒரு நீலக் கோடு. இங்கேயும் கண்ணின் வேலைதான்: மூளை மலையை மட்டும் கவனித்தது, லென்ஸ் 70 பாகையையும் சமமாகப் பார்த்தது.

இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் எதிரெதிர். ஒன்று, மலையைப் பெரிதாக்குவது. உங்கள் நண்பர் 2 மீட்டர் தொலைவில் மலைக்கு முன்னால் நிற்கிறார். நீங்கள் 10 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கி 5 மடங்கு ஜூம் செய்யுங்கள். நண்பர் முன்பிருந்த அதே அளவில் தெரிவார். மலை 5 மடங்கு பெரிதாகி அவருக்குப் பின்னால் எழுந்து நிற்கும். பல கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மலைக்கு நீங்கள் 8 மீட்டர் பின்னால் போனது ஒரு பொருட்டே இல்லை, நண்பருக்கோ அது 5 மடங்கு தூரம். ரகசியம் அவ்வளவுதான். பெரிய சூரியனுக்கு முன்னால் சின்ன மனிதர் நிற்கும் படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. (சூரியனை ஆப்டிகல் வ்யூஃபைண்டர், அதாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துவாரம் வழியாக ஜூம் லென்ஸில் பார்க்காதீர்கள்; கண் போய்விடும்.)

மற்றொன்று, வைட் லென்ஸையே வைத்துக்கொண்டு வெறும் மைதானத்துக்கு ஒரு வேலை கொடுப்பது. பாறை, குட்டை, பாதை, புல்லின் பனி என்று முன்னால் ஏதாவது ஒன்று இருக்கும். அதற்கு மிக அருகே போய், கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். முன்னால் இருப்பது பெரிதாகி, அங்கிருந்து கண் மலைவரை நடந்து போகும். கேமராவை இறக்கினால் நடுவே இருந்த வெற்று நிலமும் சுருங்கிவிடும். பாதையோ வேலியோ ஓடையோ கண்ணை இழுத்துப் போனால் நல்லது, ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் போய் முடியும் பாதை, பார்ப்பவரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும்.

அளவு தெரியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தனியாக நிற்கும் பாறை 2 மீட்டரா, 200 மீட்டரா என்று படத்தில் சொல்ல முடியாது. அடியில் ஒரு மனிதர் நடந்து போகட்டும். வானத்துக்கு நேராகவோ வெளிர் நிலத்துக்கு நேராகவோ அவர் வரும் வரை காத்திருங்கள்.

இவை எல்லாம் செய்தும் தட்டையாகவே இருந்தால் மணியைப் பாருங்கள். உச்சி வெயிலில் நிழல்கள் பொருட்களின் அடியில் ஒடுங்கிவிடுகின்றன, மேடுபள்ளம் தெரியாது. அதே இடத்துக்குக் காலையிலோ சாயங்காலமோ, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது போங்கள்.

அறிகுறி: விதிப்படிதான் எடுத்தேன், இருந்தாலும் உயிரில்லை

மூன்றில் ஒரு பங்கு விதி என்பது சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்று பாகமாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகளிலோ அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளிலோ வைப்பது. இந்தப் பெயரில் அதை முதலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797இல். கேமரா வருவதற்கு முன்பு, நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றிச் சொன்னது. அவர் பேச்செல்லாம் விகிதத்தைப் பற்றியது: வானமும் நிலமும், வெளிச்சமும் நிழலும் சரிபாதியாக வேண்டாம், ஒன்று மற்றதைவிட மேலோங்கட்டும் என்பது. நான்கு புள்ளிகளில் ஒன்றின் மேல் கண்மணியைக் கொண்டுபோய் ஒட்டவைப்பதாக நாம் அதைச் சுருக்கிவிட்டோம்.

அந்த விதி எந்த நோய்க்கு மருந்து என்று தெரிந்துகொண்டால் போதும். ஃபோகஸ் புள்ளி நடுவில் இருப்பதால் எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கத்தை உடைக்க இது நல்ல மருந்து. வானமா நிலமா என்று முடிவெடுக்காமல் தொடுவானத்தை நட்டநடுவே போடுபவருக்கும் உதவும்: வானத்தில் மேகம் நன்றாக இருந்தால் வானத்துக்கு இரண்டு பங்கு, ஒன்றுமில்லாத வெள்ளை வானமென்றால் ஒரு பங்கு, அதற்கும் குறைவாகக்கூட. நோய் இல்லாதவருக்கு மருந்து தேவையில்லை. தண்ணீரில் பிரதிபலிக்கும் மண்டபம், நேருக்கு நேர் பார்க்கும் முகம், நீண்ட தாழ்வாரம் இவையெல்லாம் நட்டநடுவில்தான் பலமாக இருக்கும். ஆனால் நடுவென்றால் துல்லியமான நடு. கொஞ்சம் தள்ளிப்போன நடு, கவனக்குறைவு மாதிரித் தெரியும்.

சப்ஜெக்டை ஓரத்துக்குத் தள்ளியபின் மறுபக்கம் காலியாகக் கிடந்து படம் குடைசாய்கிறதா? அந்தக் காலி இடம் எதற்கு என்று கேளுங்கள். ஆள் அந்தப் பக்கம் பார்க்கிறார், நடக்கிறார் என்றால் அந்த இடத்துக்குப் பொருள் உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் இடம் விட்டு மூக்குக்கு முன்னால் சுவரை வைத்தால் படம் மூச்சுமுட்டும். அந்த மூச்சுமுட்டல்தான் வேண்டுமென்றால் அதுவும் சரி. மறுபக்கம் வேறு ஒன்று தேவைப்பட்டால் சின்னதாக, மங்கலாக, தூரத்தில் இருக்கட்டும். ஒரு பெரிய மரத்துக்கு எதிர்ப்பக்கம் தொலைவில் பறக்கும் ஒற்றைப் பறவை போதும்.

கிரிட்டை நான் எப்போதும் இயக்கியே வைத்திருப்பேன். புள்ளிகளுக்காக அல்ல, மட்டம் பார்க்க.

அறிகுறி: கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, ஓரத்தில் ஏதோ எட்டிப்பார்க்கிறது

பட்டனை அழுத்தும் முன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவருவதுதான் இதற்கான முழு வைத்தியம். ஒரு நொடி ஆகும். யாரும் செய்வதில்லை, ஏனென்றால் கண் முகத்தின் மேல் இருக்கும். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இன்னொரு சிக்கல்: அவற்றின் வ்யூஃபைண்டர் பெரும்பாலும் படத்தில் 95 சதவீதம்தான் காட்டும். நீங்கள் பார்க்காத ஒரு கீற்று ஓரத்தில் பதிவாகும்.

உடலை வெட்டத்தான் வேண்டுமென்றால் மூட்டுகளில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் இந்த இடங்களில் சட்டம் முடிந்தால் உறுப்பு துண்டானது போல் தோன்றும். தொடையின் நடுவிலோ மேல்கையின் நடுவிலோ வெட்டினால் கண்ணுக்கு உறுத்தாது. உச்சந்தலையைக் கொஞ்சம் வெட்டலாம், முகவாயை வெட்டக்கூடாது. பொதுவாக, ஓரத்தை லேசாகத் தொட்டு நிற்கும் எதுவும் உறுத்தும்: ஒன்று நன்றாக இடம் விடுங்கள், இல்லையென்றால் தயங்காமல் வெட்டுங்கள்.

அறிகுறி: நேரில் பளிச்சென்று தெரிந்தது, படத்தில் பின்னணியோடு கரைந்துவிட்டது

படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சப்ஜெக்ட் காணாமல் போகிறதா? அப்படியானால் நிறத்தில்தான் வித்தியாசம் இருந்திருக்கிறது, வெளிச்சத்தில் இல்லை. பச்சை இலைகளுக்கு நடுவே நடுத்தரச் சிவப்புப் பூ இதற்குச் சரியான உதாரணம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம். கறுத்த கூந்தல் இருண்ட கதவுக்கு முன்னால், வெள்ளைச் சட்டை வெளுத்த வானத்துக்கு முன்னால் என்பவையும் இதே வகை.

வெளிர் பொருளுக்குப் பின்னால் இருட்டையும், இருண்ட பொருளுக்குப் பின்னால் வெளிச்சத்தையும் கொண்டுவாருங்கள். பொருளை நகர்த்த முடியாவிட்டால் நீங்கள் நகருங்கள். பூவை மேலிருந்து பார்த்தால் பின்னணி மண். குனிந்து பார்த்தால் நிழலான புதர். தரையோடு படுத்துப் பார்த்தால் வானம். மூன்றும் ஒரே பூவுக்கு மூன்று பின்னணிகள். கற்றுக்கொள்ளும் காலத்தில் கேமரா திரையையே கறுப்பு வெள்ளை ஃபில்டரில் வைத்துக்கொள்வது நல்ல பயிற்சி. ஒரிஜினலுக்கு நிறம் திரும்ப வேண்டுமா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்: பல போன்களில் ஃபில்டரை அப்புறம் நீக்கலாம், சிலவற்றில் முடியாது, கேமராவில் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்தால் நிறம் எப்படியும் பத்திரமாக இருக்கும்.

அறிகுறி: தனித்தனியாக நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாப் படமும் ஒரே மாதிரி

நின்றுகொண்டு, கண் உயரத்தில், படுக்கைவாட்டில், முதலில் பார்த்த இடத்திலிருந்து. நூறு படத்தில் தொண்ணூறு இப்படித்தான் எடுக்கப்படும். குழந்தையும் நாயும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களெல்லாம் இந்தக் குடும்பம்தான். அவற்றின் கண் உயரத்துக்கு இறங்கினால் அவை வேறு ஆளாகிவிடும்.

முதல் படத்தை எடுத்துவிட்டு நகராமல் போகாதீர்கள். அதே பொருளை உட்கார்ந்து ஒன்று, சுற்றிப் பின்னால் போய் ஒன்று, நெட்டுவாக்கில் ஒன்று எடுங்கள். இன்னொரு வழி, இடத்தை முடிவு செய்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது. நல்ல வெளிச்சமும் நல்ல கோடுகளும் உள்ள ஒரு படிக்கட்டைச் சட்டத்துக்குள் அடக்கி ஓரங்களைச் சரிபார்த்துக்கொண்டு, யாராவது சரியான இடத்தில் காலெடுத்து வைக்கும் வரை நிற்பது. தெருப் படங்களில் பேர்போன ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸோடுதான் வேலை செய்தார். ஜூம் இல்லாவிட்டால் கால் வேலை செய்யும்.

அறிகுறி: 'கிராப் பண்ணிக்கலாம்' என்று நினைத்தேன், சரியாகவில்லை

கிராப் எதைச் சரிசெய்யும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஓரத்துக் குப்பையை நீக்கும். நடுவில் இருப்பதை ஓரத்துக்குத் தள்ளும். படுக்கைவாட்டுப் படத்துக்குள் இருந்து ஒரு நெட்டுவாட்டுப் படத்தை எடுத்துக் கொடுக்கும். 24 மெகாபிக்சல் படம் என்பது 6000க்கு 4000 பிக்சல்; அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் 10 அங்குல அகலத்துக்கு அச்சிட அது போதும். ஆகவே அளவோடு கிராப் செய்யத் தயங்க வேண்டாம்.

கிராப்பை இழிவாக நினைப்பவர்கள் கார்த்தியே-பிரெஸ்ஸோனைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அவருக்கு வெட்டுவது பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் 1932இல் பாரிஸின் சேன் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த படம் வெட்டப்பட்ட படம். வேலியின் பலகை இடுக்கு வழியாக எடுத்ததால் இடது பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது.

கிராப்பால் முடியாதவை இவை: தலையில் முளைத்த கம்பத்தை விலக்குவது, தொடுவானத்தைக் கழுத்திலிருந்து இறக்குவது, பெருத்த மூக்கைச் சிறுக்கவைப்பது, நண்பருக்குப் பின்னால் மலையை எழுப்புவது. நான்கும் நீங்கள் நின்ற இடத்திலும் கேமராவைப் பிடித்த உயரத்திலும் முடிவாகிவிட்டவை. அந்த வகைக் கோளாறு என்றால் படத்தோடு மல்லுக்கட்டாமல், முடிந்தால் அதே இடத்துக்குத் திரும்பப் போய் வேறு இடத்தில் நின்று எடுத்துவிடுங்கள். கிராப் செய்வதானால் ஒரிஜினலின் நகலில் செய்யுங்கள். விகிதத்தை 3க்கு 2, 4க்கு 3, சதுரம் என்று ஏதாவது ஒன்றில் பூட்டிக்கொண்டு வெட்டினால், நாலைந்து படங்களைச் சேர்த்து வைக்கும்போது ஆளுக்கொரு வடிவத்தில் நிற்காது.